மாயூரம் முன்சீப் எழுதிய குடும்பக் கதை

சென்ற இதழில் மழைநீர் வடிகாலைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் நான் எழுதிய இரண்டு பக்கத்தை வீட்டம்மாகூட முழுசாகப் படிக்கவில்லை என்று தெரிய வந்தது. ஆகவே இந்தத் தடவை வடிகாலை விட்டுவிட்டு, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. கடந்த ஆவணியில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. பெயர் வேண்டாம். ஜாதகம் பொருந்தியது, இரண்டு பக்கமும் பிடித்துப்போயிற்று, நிச்சயத்துக்கு மண்டபம்கூடப் பார்த்தாயிற்று. பெண் ஒரே பிள்ளை. கல்யாணம் முடிந்தபின் பிள்ளைகள் இருவரும் எங்களோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவிலாவது வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். வீட்டோடு மாப்பிள்ளை அனுப்பவா நாங்கள் வந்தோம் என்று பையன் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த ஒரு வாரம் காலை நடைப்பயிற்சியில் இதே பேச்சுதான். காலம் கெட்டுவிட்டது, அந்தக் காலத்தில் இப்படி நிபந்தனை போடுவார்களா என்று ஒருவர் அங்கலாய்த்தார்.

அந்தக் காலத்திலும் போட்டிருக்கிறார்கள். தமிழில் வந்த முதல் நாவலிலேயே கல்யாணம் நிற்பது இந்த நிபந்தனையால்தான். 1879-ஆம் ஆண்டில் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அந்த நாவல். எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கோவில்பட்டிக் கல்லூரியில் பி.காம். படிக்கும்போது தமிழ்ப் பாடத்துக்காக இவர் பெயரை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியதோடு சரி. புத்தகத்தை வாசித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஒரு சின்னத் தெளிவு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் என்று இன்னொருவர் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சை சரபோஜி மன்னரோடு பழகி, கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடியவர். அவர் வேறு, இவர் வேறு. அதேபோல நம் வேதநாயகம் பிள்ளை பிறந்த குளத்தூரும் விளாத்திகுளம் பக்கத்துக் குளத்தூர் அல்ல. அது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் உள்ளது.

அங்கே 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி ஒரு கத்தோலிக்க வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. அந்த நாளில் கிராமத்துப் பையனுக்கு ஆங்கிலம் படிப்பது எளிதல்ல. திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராய பிள்ளை என்பவரிடம் போய்ச் சேர்ந்து, அவரிடமே தமிழும் ஆங்கிலமும் படித்தார். இரண்டு மொழியிலும் ஒரே சமயத்தில் தேர்ச்சி வந்தது அப்படித்தான்.

முதல் வேலை, கோர்ட்டில் ஆவணக் காப்பாளர். இன்றைய பேச்சில் ரெக்கார்ட் கீப்பர். இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. நானும் வங்கியில் சேர்ந்த முதல் ஒன்றரை வருஷம் ரெக்கார்ட் ரூமில் பழைய லெட்ஜர்களோடு தும்மிக்கொண்டிருந்தவன். ஒரு ஊரின் கதை முழுக்க அங்கேதான் தூசு படிந்து கிடக்கும். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், யார் யாரை ஏமாற்றினார், எந்த அண்ணன் எந்தத் தங்கையின் பங்கை அமுக்கினார் என்பதெல்லாம் கட்டுக் கட்டாக இருக்கும். இருபது வயதை ஒட்டிய ஒரு இளைஞன் அதில் வருஷக்கணக்கில் புழங்கினால் மனிதர்களைப் பற்றிய படிப்பு தானாக வந்துவிடும்.

பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-ஆம் ஆண்டு முன்சீப் பதவி கிடைத்தது. முதலில் தரங்கம்பாடி, பின்பு சீர்காழி, அதற்குப் பிறகு மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. மாயூரத்தில் சுமார் 13 ஆண்டுகள் இருந்ததால் ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் கோர்ட் என்றால் கொலைக் கேஸ் கிடையாது. எல்லாம் சிவில்தான். கடன், அடமானம், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, சுவீகாரம், ஜீவனாம்சம். குடும்பம் உடைந்தால் அதன் சில்லுகள் முதலில் வந்து விழுகிற இடம் அது. ஆங்கிலத்தில் இருந்த சட்டம் வழக்காடுகிறவர்களுக்குப் புரியவில்லை என்பதால், சதர் அதாலத் என்ற அந்நாளைய மேல் கோர்ட்டின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். இன்றைக்கும் நம் ஆட்கள் ஆங்கிலத்தில் வரும் நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு யாரிடமாவது ஓடுகிறார்கள். 1862-லேயே ஒரு முன்சீப் இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

கோர்ட்டில் அவர் பார்த்ததை வங்கிக் கவுண்டரில் நான் சில்லறையாகப் பார்த்திருக்கிறேன். கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம். மழை பொய்த்தால் உளுந்தும் கம்பும் பருத்தியும் கையை விரித்துவிடும். உடனே நகைக்கடன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண், புதுத் தாலிக்கொடி பளபளக்க, மாமனாருக்கும் புருஷனுக்கும் நடுவில் வந்து நிற்பாள். அவள் வீட்டார் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிச் சேர்த்த நகையை மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பார். கடன் மனுவில் புருஷன் கையெழுத்து. நகை யாருடையது என்ற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். டெபாசிட்தாரர் இறந்துபோனால் இன்னொரு கூத்து. நாமினி மகள் பெயரில் இருந்தால் மகன்கள் சண்டைக்கு வருவார்கள், மகன் பெயரில் இருந்தால் மகள் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். இந்த அனுபவத்தோடு வாசித்ததால்தானோ என்னவோ, வேதநாயகம் பிள்ளையின் அறிவுரைகள் எனக்குப் பிரசங்கமாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வழக்கு நம்பர் இருப்பதாகத் தோன்றியது.

முன்சீப் ஆன கொஞ்ச காலத்திலேயே, 1859-இல், ‘நீதிநூல்’ என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். தாய் தந்தை, பிள்ளைகள், கணவன், மனைவி, உடன்பிறந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போகிறார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளையும் விடவில்லை. அரசு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய சிநேகிதர்களைப் பற்றிச் சொன்னால்தான் ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கும். திருவாவடுதுறை ஆதீன வித்துவானான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருக்கமானவர். பழுத்த சைவரான மகாவித்துவான், கிறிஸ்தவரான இந்த முன்சீப்பின் பேரில் ‘குளத்துக்கோவை’ என்று ஒரு பிரபந்தமே பாடிக் கொடுத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இன்னொரு நண்பர். மகாவித்துவானிடம் பாடம் கேட்கப் பையனாக மாயூரம் வந்த உ.வே. சாமிநாதையரும் இவரைச் சந்தித்துத் தமது சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். வேதநாயகம் பிள்ளை இயற்றிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ 1878-இல் புத்தகமாக வந்தது. எந்த மதத்துக்காரர் பாடினாலும் அவரவர் கடவுளை நினைத்துப் பாடிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஒரு சபைக்காரர் இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1869-இல் ‘பெண்மதி மாலை’ என்ற நூலை எழுதினார். பெண்களுக்குப் புத்திமதி சொல்லும் பாட்டுகளோடு, பெண் கல்வி ஏன் வேண்டும் என்று வசனத்திலும் எழுதினார். அன்றைய நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து எட்டயபுரத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த நூல் வந்து 28 ஆண்டுகள் கழித்து, 1897-இல், நம் பாரதிக்குக் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளைக்கு வயது 14, செல்லம்மாவுக்கு 7. பாரதி வீட்டிலேயே அப்படி என்றால் மற்ற வீடுகளைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் கல்யாண வயது 14-க்குக் குறையக் கூடாது என்று சாரதா சட்டம் சொன்னது 1929-இல்தான். 1869-இல் பெண் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று ஒரு நீதிபதி எழுதியது, வீட்டில் அடுப்பைத் திண்ணைக்கு மாற்றச் சொன்ன மாதிரி கேட்டிருக்கும்.

ஆனால் நாணயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த நூலில் பெண்ணுக்கு அவர் கேட்கும் படிப்பு பெரும்பாலும் நல்ல மனைவியாக, நல்ல தாயாக இருப்பதற்கான படிப்பு. கணவனுக்கு அடங்கி நடக்கும் அறிவுரைகளும் தாராளமாக உண்டு. என் மகள் அதில் பத்துப் பக்கம் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

1872-இல் முன்சீப் வேலை முடிவுக்கு வந்தது. வயது 46-ஐ எட்டிக்கொண்டிருந்தது. மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை, உடம்பும் சரியில்லை. வேலையை விட்டபிறகு முடங்கிவிடவில்லை. மாயூரம் நகர்மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். அந்த ஊர்க்காரர்களும் வடிகாலைப் பற்றித்தான் அவரிடம் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆறுதல்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானி முழுக்கப் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. நம் கரிசல் பூமியில் அந்தப் பஞ்சத்தின் பேச்சு என் சிறுவயது வரை இருந்தது. கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்றது, விதைத் தானியத்தையே குத்திக் காய்ச்சியது என்று பாட்டி தன் பாட்டி சொன்னதாகச் சொல்வாள். பிழைக்க வழியில்லாமல் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். காவிரி பாயும் மாயூரத்திலேயே ஜனங்கள் பசியில் விழுந்தார்கள். வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். அதைப் பார்த்து மனம் உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். கடவுளையும் அடியார்களையும் மட்டுமே பாடிவந்தவர் ஒரு ஓய்வு பெற்ற முன்சீப்பைப் பாடியது சாதாரண விஷயம் இல்லை.

பஞ்சம் முடிந்த கையோடு, 1879-இல், நாவல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 53 வயது. தமிழில் செய்யுள் மலை மலையாக இருக்கிறது, ஜனங்கள் சந்தோஷமாக வாசிக்க வசன நூல் இல்லையே என்ற குறைதான் தம்மை எழுத வைத்தது என்று முன்னுரையில் தெரிவிக்கிறார்.

கதை நடப்பது சத்தியபுரி என்ற ஊரில். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை பிரதாப முதலியார் தன் கதையைத் தானே சொல்கிறான். பாட்டி செல்லத்தில் வளர்ந்த பையன். படிக்க மாட்டான், அதட்டவும் கூடாது. அவன் செய்யும் தப்புக்கு உபாத்தியாயரின் மகன் கனகசபை அடி வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. நாம் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் பேரனின் செல்போனைப் பிடுங்கியதற்காக மருமகளோடு பேசாமல் இருக்கும் தாத்தாக்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள், நான் உட்பட. இந்தப் பையனைத் திருத்திப் படிக்க வைப்பது அவன் தாய் சுந்தரத்தண்ணி. அந்த வீட்டில் உண்மையில் யோசிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

பிரதாபனுக்கு முறைப்பெண் ஞானாம்பாள். சம்பந்தி முதலியாரின் ஒரே மகள். பெயரே சம்பந்தி முதலியார், வேடிக்கைக்காகவே வைத்திருப்பார் போலும். இரண்டு குழந்தைகளும் சேர்ந்தே படித்து வளர்கிறார்கள். ஞானாம்பாள் புத்திசாலி, பிரதாபனைவிட ஒரு படி மேல். இருவருக்கும் கல்யாணம் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பேசி முடிக்க உட்காரும்போதுதான் நம் தெருக் கதை தொடங்குகிறது. எனக்கு இருப்பது ஒரே பெண், மாப்பிள்ளை என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறார் சம்பந்தி முதலியார். என் பிள்ளையை உன் வீட்டுக்கு அனுப்ப முடியாது, பெண்தான் இங்கே வர வேண்டும் என்கிறார் பிரதாபனின் தகப்பனார். இரண்டு பேருக்கும் பணம் உண்டு, வாய் உண்டு, கோபம் உண்டு. பேச்சு முற்றிக் கல்யாணம் முறிகிறது. வீம்புக்கு இரண்டு வீட்டாரும் வேறு இடங்களில் சம்பந்தம் பேசும் அளவுக்குப் போகிறார்கள்.

இந்த இடத்தைத்தான் நான் மூன்று தடவை திரும்ப வாசித்தேன். இரண்டு தகப்பன்மாரில் ஒருவரையும் கெட்டவராக்கி எழுதவில்லை. இரண்டு பேருமே பிள்ளைமேல் உயிராக இருக்கிறவர்கள். பெண்ணைப் பிரிய முடியாத தகப்பனும், பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியாத தகப்பனும். அவர்கள் கேட்பது அநியாயம் இல்லை. ஆனால் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பது போய், யார் இறங்கிவருவது என்பதாக ஆகிவிடுகிறது. கோர்ட்டில் எத்தனை தகப்பன்மார் இப்படி நின்றதை அவர் மேடையிலிருந்து பார்த்திருப்பார்! வழக்குக்குக் காரணமான இரண்டு முழ வரப்பை விட்டுவிட்டு, பதினைந்து வருஷம் வாய்தாவுக்கு அலைந்தவர்களை நம் ஊரிலும் நாம் அறிவோம்.

கடத்தல், மீட்பு என்று பல திருப்பங்களுக்குப் பிறகு பிரதாபனும் ஞானாம்பாளும்தான் மணக்கிறார்கள். அதோடு கதை முடிந்திருக்கலாம். முன்சீப் விடவில்லை. இருவரும் வழியில் பிரிந்துபோகிறார்கள். பிரதாபன் விக்கிரமபுரி என்ற ஊரில் மாட்டிக்கொள்கிறான். செருப்புத் தைக்கக் கொடுத்தவனிடம், தைத்துக் கொடு, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். என்ன கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷமில்லை என்கிறான் அந்த ஆள். வழக்காகி, பிரதாபன் ஜெயிலுக்குப் போகிறான். அவனைத் தேடி ஆண் வேஷத்தில் வரும் ஞானாம்பாள் அதே ஊருக்கு வருகிறாள். அங்கே ராஜா வாரிசில்லாமல் இறந்திருக்க, பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையைப் போட, ராஜாவாகிவிடுகிறாள். கேஸை மறுபடி விசாரிக்கிறாள். நான் ராஜாவானது உனக்குச் சந்தோஷம்தானா என்று செருப்புத் தைப்பவனைக் கேட்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வான்? சந்தோஷம் என்கிறான். பேசிய கூலி கிடைத்துவிட்டது, போ என்று தீர்ப்பு. புருஷன் வெளியே வருகிறான். பொழுதுபோக்குக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

யானையும் மாலையும் பழைய கதைகளில் வருகிற சரக்குதான். ஆனால் சிம்மாசனத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, அவளைக்கொண்டு நிர்வாகத்தைச் சீர்படுத்துவது முன்சீப்பின் சரக்கு. தமிழ் நாட்டுக் கோர்ட்டில் வக்கீல்கள் தமிழில் வாதாட வேண்டும் என்பதை அந்தக் கதைக்குள் நுழைத்துக் காரசாரமாக எழுதியிருக்கிறார். கட்சிக்காரனுக்குப் புரியாத பாஷையில் அவன் சொத்துக்குத் தீர்ப்பு சொல்வது அவரால் பொறுக்க முடியாத விஷயம். ஊராள முடிந்த பெண் கடைசியில் பட்டத்தை இன்னொரு பெண்ணிடம், அந்த நாட்டு இளவரசி ஆனந்தவல்லியிடம், ஒப்படைத்துவிட்டுப் புருஷனோடு வீடு திரும்புகிறாள். என் மகளுக்கு இதுவும் பிடிக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. என்றாலும் 1879-இல் அவளைச் சிம்மாசனம் வரை கூட்டிக்கொண்டு போனவர் வேறு யார்?

குறைகள் இல்லாமல் இல்லை. கதை சூடு பிடிக்கும்போது யாராவது ஒருவர் எழுந்து, தாய்மையைப் பற்றியோ பொய்யைப் பற்றியோ அரைமணி நேரம் பேசத் தொடங்கிவிடுவார். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள். ஞானாம்பாளுக்குக் கோபமே வராதா என்று கேட்கத் தோன்றும். நான் அந்தப் பக்கங்களை, கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரத்தில் சுற்றறிக்கை படிப்பதுபோல, கொஞ்சம் வேகமாகப் புரட்டினேன். ஆனால் மனைவிக்கும் புத்தி உண்டு, அவளைக் கேட்டுச் செய் என்ற ஒரே சங்கதியை அவர் எத்தனை கதையாக மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. பிரதாபன் தன் புத்தியில் செய்த காரியம் பெரும்பாலும் வம்பில் முடிகிறது. வீட்டைக் காப்பாற்றுவது தாயும் மனைவியுமே.

அவர் சொந்தக் குடும்ப வாழ்க்கையில் மரணம் பலமுறை நுழைந்தது. மனைவியை இழந்து மறுமணம் செய்யவேண்டி வந்தது, அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. இல்லறத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவரின் இல்லறம் அடிக்கடி பாதியில் அறுந்திருக்கிறது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மனைவி இறந்தால் ஆண் மறுபடி மணக்கலாம், ஊர் ஒன்றும் சொல்லாது. இந்து விதவை மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்தும், நம் ஊர்களில் அந்தச் சட்டத்தைத் துணிந்து பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். இந்த வித்தியாசம் அவர் காலத்தோடு முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நம் நகரில் மனைவியை இழந்த இரண்டு பேருக்கு ஒரு வருஷத்துக்குள் பெண் பார்த்தவர்கள், நாற்பது வயதில் கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி அப்படி வாய் திறந்ததில்லை.

1887-இல் ‘சுகுண சுந்தரி’ என்ற இரண்டாவது நாவலை வெளியிட்டார். அதில் சிறுவயதுக் கல்யாணத்தைக் கண்டித்திருக்கிறார். முதல் நாவலுக்குக் கிடைத்த பேர் இதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி, 62 வயதில் காலமானார். இளைய தலைமுறைக்கு ஒரு தகவல். சினிமாவில் இசையமைப்பாளராகவும் நடிகராகவும் இருக்கும் விஜய் ஆண்டனி இவருடைய வம்சத்தில் வந்தவர்தான். இதைச் சொன்ன பிறகே என் பேரன் இந்தக் கட்டுரையை டைப் அடித்துக் கொடுக்கச் சம்மதித்தான்.

இவ்வளவு எழுதிவிட்டு என் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. எங்களுக்கும் ஒரே மகள்தான். கோயம்புத்தூரில் இருக்கிறாள். மூன்று வருஷமாக இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்கிறாள். மாப்பிள்ளையும் மனசாரக் கூப்பிடுகிறார். வீட்டம்மாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியவில்லை, அவளுக்குப் போக ஆசை. நான்தான் பிடி கொடுக்காமல் இருக்கிறேன். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான் என்று ஊர் சொல்லுமே என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பந்தி முதலியார் பகுதியை மூன்றாவது தடவை வாசித்த அன்று ராத்திரி, வீட்டம்மாவிடம் அவள் என்ன நினைக்கிறாள் என்று முதல் தடவையாகக் கேட்டேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை. தை பிறந்ததும் ஒரு மாதம் போய் இருந்து பார்ப்பதாக இருக்கிறோம். அந்த மாதம் தண்ணீர்த் தொட்டிக் கணக்கை யார் பார்ப்பது என்பதைச் சங்கச் செயலாளர் இப்போதே தீர்மானித்துவிட்டால் நல்லது.

ஆவணியில் நின்றுபோன கல்யாணத்துக்கு மறுபடி பேச்சு நடப்பதாகக் கேள்வி. இந்தத் தடவை பையனும் பெண்ணும் உட்கார்ந்து பேசுகிறார்களாம். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. சங்க அலுவலகத்து அலமாரியில், செய்தித்தாள் கட்டுக்கு மேலே வைத்திருக்கிறேன். அட்டை கழன்றது, நூல் கட்டிவைத்திருக்கிறேன். எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகவும். பக்கத்தை மடிக்க வேண்டாம்.